நூற்றுப்பத்து வோல்ட் குடித்தனம்

என் புருஷன் அமெரிக்காவிலிருந்து எனக்கு அனுப்பிய பெட்டி முப்பத்தெட்டு கிலோ. அதைத் தூக்கிவந்த இரண்டு பேரும் மூன்றாம் மாடி ஏறி முடிப்பதற்குள் என்னையும் அவனையும் சேர்த்து மராத்தியில் திட்டித் தீர்த்தார்கள். எனக்குக் காது குளிர்ந்தது. திட்டட்டும். கப்பல் கூலி கட்டி ஒருத்தன் பெண்டாட்டிக்கு முப்பத்தெட்டு கிலோ சாமான் அனுப்புகிறான் என்றால் கட்டடம் முழுக்கக் கேட்கத்தானே வேண்டும்?

மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்குக் காது கொஞ்சம் நீளம். போன நவம்பரில் நான் ஒற்றை சூட்கேஸோடு வந்து இறங்கிய அன்றே ஆரம்பித்துவிட்டார்கள். "மாலதி, தனியாவா வந்தே? வெங்கடேஷ் வரலையா?" அப்பா காலமான பிறகு பூட்டிக்கிடந்த வீடு இது. திறந்து, பாக்கி வரியைக் கட்டி, என் பெயருக்கு மாற்றி, அப்படியே பாஸ்போர்ட்டில் புது விசா முத்திரையும் குத்திக்கொண்டு ஆறு மாதத்தில் திரும்பிவிடுவேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். வெங்கடேஷ் என்னிடம் சொல்லி அனுப்பியதும் அதுதான். பதினோரு வருஷம் நியூ ஜெர்சியில் அவனோடு குடித்தனம் பண்ணியவள் நான். குழந்தை இல்லை. இருந்ததெல்லாம் நாங்கள் இரண்டு பேர்தான். அவன் பேச்சை நம்பாமல் வேறு யார் பேச்சை நம்புவது?

விசா முத்திரைக்கு அவன் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வர வேண்டும். ஒரே ஒரு காகிதம். "லாயர்கிட்ட இருக்கு மாலதி, அடுத்த வாரம் அனுப்பிடறேன்" என்பான். அடுத்த வாரமும் அடுத்த வாரம்தான். தினம் வந்துகொண்டிருந்த போன் வாரத்துக்கு இரண்டு ஆயிற்று, பிறகு ஞாயிற்றுக்கிழமை காலை மட்டும் என்று ஆயிற்று. செம்பூரில் இருக்கும் என் மாமியார், நான் வைக்கும் ரசத்தில் பதினோரு வருஷமாகக் குற்றம் கண்டுபிடித்தவர், திடீரென்று என்னிடம் மரியாதையாகப் பேச ஆரம்பித்தார். "உன் சௌகரியம் போலப் பார்த்துக்கோம்மா" என்றார். வயசாகிறது, சாந்தமாகிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டேன். நான் அப்படிப்பட்ட புத்திசாலி.

அந்தச் சமயத்தில்தான், பிப்ரவரி கடைசியில், பெட்டி வந்தது. உள்ளே என் டேபிள் டாப் கிரைண்டர், என் ரைஸ் குக்கர், கட்டிலில் என் பக்கத்தில் இருந்த சின்னக் கடிகாரம். ஒவ்வொன்றையும் குமிழ் பிளாஸ்டிக்கில் சுற்றி, கிரைண்டர் கல்லைத் தனியாக என் பழைய துண்டில் பொதிந்து அனுப்பியிருந்தான். போனில் கேட்டால், "அங்க நீ தனியா கஷ்டப்படுவியேன்னுதான்" என்றான். நான் அழுதேன். எதிர்வீட்டு மாமியைக் கூப்பிட்டுப் பெட்டியைக் காட்டினேன். "பார்த்தேளா, துண்டில சுத்தி அனுப்பியிருக்கார்!" மாமி, "ரொம்ப சமத்து" என்றாள்.

சமத்து அன்று சாயங்காலமே புகைந்தது. அமெரிக்க பிளக் தட்டைக் கால், நம் சுவரில் நுழையாது. கிங்ஸ் சர்க்கிளில் ஒரு ஹார்டுவேர் கடையில் கேட்டேன். பின் மாற்றும் அடாப்டர் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். அதை மாட்டினால் எந்த ஊர் பிளக்கும் உள்ளே போகும், ஆனால் கரண்ட் அதே கரண்ட்தான் என்று அவனும் சொல்லவில்லை, எனக்கும் உறைக்கவில்லை. ஒரு ஆழாக்கு அரிசி போட்டுக் குக்கரை அழுத்தினேன். நூற்றுப்பத்து வோல்ட்டுக்குச் செய்த குக்கர் இருநூற்று முப்பதை வாங்கிக்கொண்டு, சில நிமிஷம் கோபமாகக் கொதித்தது. பிறகு டப்பென்று ஒரு சத்தம், கருகிய நாற்றம். வீடு முழுக்க விளக்குப் போயிற்று. இருட்டில் நின்றுகொண்டு, குக்கர் போனதற்காக ஆள் செத்த மாதிரி அழுதேன். அரிசி அரைவேக்காட்டில் கிடந்தது. வீணாக்க மனசில்லாமல் கேஸில் ஏற்றி வேகவைத்து அதையே சாப்பிட்டேன்.

கட்டடத்து எலக்ட்ரீஷியன் ஃப்யூஸ் போட்டுவிட்டு, "மேடம், தாராவி ஜாவோ. சலாவுதீன் பாய். டிரான்ஸ்பார்மர் பனாதா ஹை" என்று, வோல்ட்டைக் குறைக்கும் பெட்டி செய்கிறவர் ஒருவரைச் சொல்லிவிட்டுப் போனான். மறுநாள் கிரைண்டரையும் கடிகாரத்தையும் டாக்ஸியில் ஏற்றிக்கொண்டு போனேன்.

அறுபதடி ரோட்டிலிருந்து உள்ளே போகும் ஒரு சந்தில் அவருடைய பட்டறை. ஐம்பது வயது இருக்கும். தென்காசிப் பக்கத்துக்காரர், இங்கே வந்து முப்பது வருஷம். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிரைண்டரின் அடியைத் திருப்பி, ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார்.

"நூத்தம்பது வாட்டுன்னு போட்டிருக்கான். அத நம்பி நூத்தம்பதுக்குச் செஞ்சா போச்சு. கல்லு கிளம்புத நேரத்துல மூணு பங்கு இழுக்கும். ஐநூறுக்குப் போடுதேன்."

"சின்னதா பண்ண முடியாதா?"

"சின்னதாப் பண்ணலாம். சீக்கிரமா எரிஞ்சும் போவும்."

எனக்கு வாய் சும்மா இருக்காது. பஜாரில் கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்டேன். அவர் இரும்புத் தகடுகளுக்கு நடுவே இரண்டு செப்புக் கம்பிச் சுருள் உட்கார்ந்திருந்த ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார்.

"இதுல ரெண்டு சுத்து. இதுல நம்ம இருநூத்து முப்பது வரும். அதுல உங்க நூத்திப்பத்து போவும். ஒண்ண ஒண்ணு தொடாது. சல்லிசா விக்கான்லா, அதுல ஒரே சுத்துதான், நடுவுல பிரிச்சு எடுத்திருப்பான். உள்ள ஒரு கம்பி அறுந்துச்சுன்னு வைங்க, முழுக் கரண்டும் நேரா உங்க மிசினுக்கு வந்துரும். உங்க கைக்கும் வரும்."

"தொடாமலே கரண்ட் எப்படிப் போகும்?"

"காந்தம்மா. அது போவும்."

எனக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. ஒன்றையொன்று தொடாமலே இங்கிருந்து அங்கே போகிறதாம். நானும் வெங்கடேஷும் அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். நடுவில் கடல் இருந்தால் என்ன, ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் வருகிறதே. சமாதானம் தேடுகிறவளுக்கு டிரான்ஸ்பார்மரும் சமாதானம் சொல்லும்.

"ஆனா ஒண்ணு," என்றார். "வோல்ட்ட நான் குறைச்சுருவேன். கரண்டு துடிக்கித சைக்கிள மாத்த என்னால ஆவாது. அங்க செகண்டுக்கு அறுவது, இங்க அம்பது. கிரைண்டரு மெதுவாத்தான் ஓடும், கொஞ்சம் சூடாவும். இந்தக் கடிகாரம் மணிக்குப் பத்து நிமிசம் பிந்தும். பரவால்லியா?"

"பரவாயில்லை."

"எப்ப வந்து செட்டில் ஆனிய?"

"செட்டில் எல்லாம் ஆகலை," என்றேன், வெடுக்கென்று. "ஜூன்ல திரும்பிப் போறேன்."

அவர் தலையாட்டிவிட்டு நோட்டில் என் விலாசத்தை எழுதிக்கொண்டார்.

ஐந்தாறு நாளில் அவரே கொண்டுவந்து மாட்டினார். சாம்பல் நிற இரும்புப் பெட்டி, ஏழு கிலோ. முகப்பில் அமெரிக்கத் தட்டைக் கால் மட்டும் நுழைகிற சாக்கெட் இரண்டு. நம் ஊர் பிளக்கைத் தப்பித் தவறிக்கூடச் செருக முடியாது. எங்கள் பழைய வீட்டுச் சுவரில் எர்த் இல்லை என்று கண்டுபிடித்து, மீட்டர் பெட்டியிலிருந்து பச்சைக் கம்பி இழுக்கச் சொல்லி, அது வந்த பிறகுதான் ஸ்விட்சைத் தொட்டார். முதலில் பெட்டியைப் போட வேண்டும், பிறகு மிஷினை. நிறுத்தும்போது முதலில் மிஷின், பிறகு பெட்டி. வேலை முடிந்தால் சுவரில் அணைத்துவிட வேண்டும். சூடு ஏறினால் தானே கட் ஆகிவிடும்படி உள்ளே ஒரு பொருள் வைத்திருப்பதாகவும், அப்படிக் கட் ஆனால் நானாக எதையும் குடையாமல் அவரைக் கூப்பிட வேண்டும் என்றும் இரண்டு தடவை சொன்னார்.

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அவர் சொன்னதில் ஒன்றை மட்டும் கேட்கவில்லை. அணைக்கவில்லை.

அந்தப் பெட்டி ஓடும்போது ஒரு ரீங்காரம் வரும். காதை வைத்துக் கேட்க வேண்டியதில்லை, வீடு அமைதியாக இருந்தால் போதும், கேட்கும். என் வீடு எப்போதும் அமைதியாகத்தான் இருந்தது. கடிகாரத்தை அதில் மாட்டி, இருபத்துநாலு மணி நேரமும் ஓடவிட்டேன். கடிகாரம் மணிக்குப் பத்து நிமிஷம் தூங்கியது. காலையில் எழுந்ததும் அதைத் திருத்தி வைப்பது எனக்கு ஒரு வேலை. வேலை இருப்பது நல்லதுதானே. பத்து மணிக்குள் பால்காரனுக்கும் பேப்பர்காரனுக்கும் பதில் சொல்லி முடித்தால் மறுநாள் காலை வரை எனக்குப் பேச ஆள் கிடையாது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் பெட்டியிடம் பேசியிருக்கிறேன். "என்ன, இன்னிக்கு சத்தம் கம்மியா இருக்கே?" என்று கேட்டிருக்கிறேன்.

மாவு அரைப்பதுதான் பெரிய கூத்து. ஒரு ஆளுக்கு என்று அரைத்தால் கல்லில் மாவு ஒட்டிக்கொண்டு சுற்றுமே தவிர அரைபடாது. இரண்டு பேருக்காக வாங்கிய கிரைண்டர், இரண்டு பேருக்கு அரைத்தால்தான் அதற்குத் திருப்தி. நியூ ஜெர்சியில் அரை மணியில் முடிந்தது இங்கே முக்கால் மணி ஆயிற்று. பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து தள்ளிவிட்டுக்கொண்டே இருப்பேன். முதல் நாள் இட்லி, இரண்டாம் நாள் தோசை, மூன்றாம் நாள் ஊத்தப்பம், நாலாம் நாள் புளித்துப்போய் வாட்ச்மேனுக்கு. அந்த பீகார்காரனுக்குப் புளித்த மாவில் ஊத்தப்பம் ரொம்பப் பிடித்திருந்தது. அவனாவது சாப்பிடுகிறானே என்று அரைத்தேன். தட்டைக் கழுவி அடுக்கும்போது ஒரே ஒரு தட்டு. அதைக் கழுவுகிற இரண்டு நிமிஷம் எனக்கு ஒவ்வொரு நாளும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு அந்த உறை. அதைத் தைத்ததற்கு என் வளர்ப்பைத்தான் குறை சொல்ல வேண்டும். மாட்டுங்காவில் எங்கள் வீடுகளில் மிக்ஸிக்கு கவுன் உண்டு, டிவிக்குத் திரை உண்டு, ஃப்ரிட்ஜ் தலையில் தொப்பி உண்டு, ரிமோட்டுக்கு பிளாஸ்டிக் சட்டை உண்டு. எங்கள் அம்மா கேஸ் சிலிண்டருக்கே பார்டர் வைத்துப் பாவாடை தைத்தவள். சாமான் நிர்வாணமாக இருந்தால் வீட்டுக்கு ஆகாது என்கிற மாதிரி ஒரு நம்பிக்கை. சாம்பல் பெட்டி ஹாலில் மொட்டையாக உட்கார்ந்திருந்தது எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. ஏப்ரல் மாதம் ஒரு மத்தியானம், வேறு வேலை இல்லாமல், பழைய பட்டுப் பாவாடையை வெட்டி, உள்ளே லைனிங் கொடுத்து, ஓரத்தில் ஃப்ரில் வைத்து, சாக்கெட்டுக்கு மட்டும் ஜன்னல் விட்டு அழகாக ஒரு உறை தைத்தேன். போட்டுப் பார்த்தால் பெட்டி நவராத்திரி கொலுவில் வைக்கலாம் போல இருந்தது. படம் எடுத்து வெங்கடேஷுக்கு அனுப்பினேன். கட்டை விரல் ஒன்று பதிலாக வந்தது.

மே மாதம் முதல் வாரம் அரைத்துக்கொண்டிருக்கும்போதே கல் நின்றது. கடிகாரமும் இருண்டது. வார்னிஷ் சுட்ட மாதிரி நெடி. ரீங்காரம் இல்லாமல் வீடு எப்படி இருக்கும் என்பது எனக்கு மறந்தே போயிருந்தது. பயந்துபோய் சலாவுதீனுக்கு போன் போட்டேன்.

வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "எம்மா! இதுக்குப் போயி பாவாட தைச்சு மாட்டியிருக்கியளே!"

"தூசி படியுமேன்னு..."

"தூசி படிஞ்சா தொடச்சுக்கிடலாம். அது மூச்சு விட வேண்டாமா? இம்புட்டு ஓட்ட எதுக்குப் போட்டு வச்சிருக்கேன், அழகுக்கா? அதுல பட்டத் தைச்சு, அடியில லைனிங்கு வேற. தீப் புடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்? வீட்டுல வேற ஆளும் கிடையாது." உண்மையாகவே கோபம். யாராவது என்னைத் திட்டி எத்தனை நாளாயிற்று என்று எனக்குத் தோன்றியது. கண் கலங்கியது. அவர் அதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டார்.

பெட்டியைத் திறந்து, விசிறி, ஆறவைத்து, ஒரு சின்னப் பொருளைக் கழற்றி வேறு போட்டார். சுருள் தப்பித்தது என்றார். காபி கொடுத்தேன். குடித்துக்கொண்டே கிரைண்டரைத் தொட்டுப் பார்த்தார்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்காதிய. மோட்டாரும் ரொம்பக் கொதிக்கி. நான் எம்புட்டுதான் வோல்ட்ட இறக்கிக் குடுத்தாலும் இது அந்த ஊர் கரண்டுக்குச் செஞ்ச மிசினு. பேசாம இங்கத்த கிரைண்டரு ஒண்ணு வாங்கிப் போட்டுருங்க."

"ஒரு மாசத்துக்கு எதுக்குப் புதுசு? ஜூன்ல போயிடுவேனே."

"போகும்போது இதையும் தூக்கிட்டா போவிய?"

"ஐயோ, இந்தக் கனத்தையா? இது இங்கேயே கிடக்கட்டும்."

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். குதர்க்கமே இல்லாமல், தொழிலாளி தொழில் விஷயம் கேட்பது போலக் கேட்டார். "அப்ப அங்க போயி எதுல மாவு அரைப்பிய?"

நான் காலி டம்ளரை எடுத்துக்கொண்டேன். "உங்க வீட்டுக்காரரு அங்க வேற மிசினு வாங்கிட்டாராக்கும்," என்று அவரே சொல்லிக்கொண்டு, திருப்புளியைப் பையில் போட்டார். பட்டு உறையை மடித்து மேஜைமேல் வைத்துவிட்டு, இனிமேல் அதைப் போடாதீர்கள் என்று இன்னொரு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தேன். அங்கே மட்டும் ஓடுகிற மிஷினை, அங்கே திரும்பி வரப்போகிற பெண்டாட்டிக்கு, ஓடாத ஊருக்கு எதற்கு ஒருத்தன் கூலி கட்டி அனுப்ப வேண்டும்? என் குக்கர், என் கல், என் பக்கத்துக் கடிகாரம். ஒரு காகிதம் அனுப்ப ஆறு மாதம் போதாதவனுக்கு முப்பத்தெட்டு கிலோவைக் கட்டி அனுப்ப நேரம் இருந்திருக்கிறது. தாராவியில் கம்பி சுற்றுகிறவருக்கு ஒரு டம்ளர் காபி குடிக்கும் நேரத்தில் தோன்றிய கேள்வி, பெட்டியைப் பிரித்த எனக்குத் தோன்றவில்லை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தது அவனில்லை. அவன் பூசணிக்காயைத் தட்டில்தான் வைத்தான். சோறு போட்டு மூடியது நான்.

ஆனாலும் மனசு விடுமா? அவன் யோசிக்காமல் செய்திருக்கலாம், ஆண்களுக்கு வோல்ட் தெரியும், அர்த்தம் தெரியாது என்று நாலு நாள் அவனுக்காக நானே வாதாடினேன். நேராகக் கேட்டால் லாயர் என்பான். லாயர் புக முடியாத ஒரு கேள்வியாகக் கேட்க வேண்டும் என்று முடிவு பண்ணினேன். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு போன் வந்தது. அவனுக்கு அங்கே சனிக்கிழமை ராத்திரி பத்து. சாப்பிட்டியா, வெயில் எப்படி, வீட்டு வரி கட்டியாச்சா என்று வழக்கமான மூன்றையும் கேட்டான். மூன்றுக்கும் பதில் சொன்னேன்.

"வெங்கடேஷ், என் கறுப்புக் கோட் எங்கே இருக்கு?"

"எந்தக் கோட்?"

"பனிக்குப் போட்டுப்பேனே. முழங்காலுக்குக் கீழே வரைக்கும் வருமே. வாசல் அலமாரியில மாட்டிட்டு வந்தேன்."

'இங்கேதான் தொங்கறது, வந்து போட்டுக்கோ' என்று அவன் சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை போதும் எனக்கு. கடிதம் அடுத்த வருஷம் வரட்டும், நான் காத்திருப்பேன். புடவைத் தலைப்பால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டு, போனைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.

"ஓ, அதுவா," என்றான். குரலில் ஒரு நிம்மதி, நான் வேறெதையோ கேட்கப்போகிறேன் என்று பயந்திருந்தவன் போல. "மடிச்சு வெச்சிருக்கேன் மாலதி. கவலைப்படாதே. அடுத்த பெட்டியில போட்டு அனுப்பிடறேன்."

மே மாதத்து மாட்டுங்காவில் அந்தக் கம்பளிக் கோட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன் என்று அவன் கேட்கவில்லை. அன்பாகத்தான் பேசினான், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அட்ரஸ் அதேதானே?" என்றான்.

"அதேதான்," என்றேன். "இனிமே மாறாது."